கம்பத்துக்கு அந்தப் பக்கம்

ஜூன் 14, 1992, ஞாயிறு

கம்பத்தின் பெயின்டில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஓட்டலுக்குப் போகும்போது முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஈயைப் பார்த்த பிறகுதான் கம்பத்தையே பார்த்தேன். கடற்கரை மணலில் புதிதாக நட்ட வெள்ளைக் கம்பம். அதன் மேல் ஒரு பலகை. இங்கிருந்து, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டிய தூண்டில் வளைவு வரைக்கும் உடை அணிந்தவர்கள் மட்டுமே குளிக்கலாம், மீறினால் அபராதம். கீழே ஊராட்சியின் முத்திரை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இங்கே எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இந்தக் கரையில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் துணியோடு குளித்து நான் பார்த்ததில்லை. டாக்டர், தபால்காரர், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், எல்லோரும்தான். வீட்டிலிருந்து ஒரு குளியல் அங்கியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். மணலை வெட்டி, தங்கள் குடும்பத்துக்கென்று வட்டமாக ஒரு வரப்பு கட்டுவார்கள். அங்கியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, உரித்த முட்டையும் ஊறுகாய் வெள்ளரியும் தின்றுகொண்டு, சாயங்காலம் வரை கிடப்பார்கள். கடவுள் அவர்களைப் படைத்தபோது வெட்கத்தை வைக்க மறந்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் சேர்த்து எனக்கு வைத்துவிட்டார் போல.

கடலுக்கு முந்நூறு அடி தள்ளி வீடு. ஐந்து வருடமாக நான் கடலில் இறங்கவில்லை. கடைசியாகப் போன அன்று நீச்சலுடை போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு ஹோர்ஸ்ட் மாமா கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஈரத்துணியோட உக்காந்தா நீர்க்கடுப்பு வரும் பொண்ணே, எங்களுக்குத் தெரியாத எதை அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

மற்றவர்கள் சிரித்தது மறந்துவிட்டது.

ஜூன் 16

கம்பத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "கம்பம்தானே நட்டிருக்கான், கடலையா நட்டிருக்கான்" என்றாள். அங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 21, ஞாயிறு

ஓட்டலில் இன்று எல்லா அறையும் நிரம்பிவிட்டது. நாடு கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இருந்தபோது இது தொழிற்சங்கத்தின் ஓய்வு விடுதி. இப்போது ஹனோவரிலிருந்து வந்த டெட்மர் ஐயா வாங்கி, ஜன்னல்களை மாற்றி, பால்கனி வைத்து, ஓட்டலாக்கிவிட்டார். வருகிறவர்களும் மேற்கிலிருந்து வருகிறவர்கள்தான். நான் காலையில் பலகாரம் பரிமாறி, அதன் பிறகு அறைகளைச் சுத்தம் செய்கிறேன். அறை வேலை பிடிக்கிறது, அறையில் ஆள் இருப்பதில்லை. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று பேசு, எழுந்து நின்று பேசு என்று உயிரை எடுத்தார்கள். எனக்கு இப்போது பத்தொன்பது. இன்னும் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கை வேர்க்கிறது.

போன குளிர்காலம் முழுக்க லூபெக்கில் ஒரு சலவைக்கூடத்தில் இருந்தேன். அம்மா ரோஸ்டாக் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தபோதுகூட வரவில்லை. வர வேண்டாம் என்று போனில் அவளே சொன்னாள். ஈஸ்டருக்கு நான் திரும்பி வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவ்வளவுதான். மீன் தொழிற்சாலையை மூடிவிட்டதால் அவளுக்கு வேலையில்லை. அதனால் தினமும் கடற்கரை. உடம்பு தேறுகிறதாம்.

அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. ஓட்டலுக்கு மணல் வழியாகப் போனாலும் வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன். ஊரில் யாருக்கு எந்தச் செருப்பு என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

ஜூலை 3

மேற்கிலிருந்து வந்தவர்கள் ஒழுங்கானவர்கள் என்று நினைத்திருந்தேன். நான் ஒரு கழுதை.

பால்கனி அறையில் இருக்கும் கண்ணாடிக்காரர் இன்று டெட்மர் ஐயாவைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கம்பம் நட்டும் அந்தக் கும்பல் நகரவில்லையாம். அதிலும் தூண்டில் வளைவை ஒட்டி ஒரு பெண்மணி படுத்திருக்கிறாராம், அவரைப் பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லையாம். "மத்தவங்களையாவது பொறுத்துக்கலாம், அந்தம்மாவை ஏதாவது செய்யுங்க" என்றார் அவர் மனைவி. டெட்மர் ஐயா குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அப்புறம் அந்த அறையைச் சுத்தம் செய்யப் போனேன். பால்கனி மேசையில் பைனாகுலர். அதை நகர்த்தித்தான் மேசையைத் துடைத்தேன்.

பார்க்க முடியவில்லை என்பவனுக்கு எதற்கு அது?

ஜூலை 5, ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து, இன்று டெட்மர் ஐயாவிடம் கேட்டேன். வேலை முடிந்த பிறகு ஓட்டல் பக்கத்துக் கரையில், எல்லோரும் உடையோடு குளிக்கிற இடத்தில், நானும் குளிக்கலாமா?

அவர் திட்டவில்லை. சிரித்தார். அந்த இடம் விருந்தினர்களுக்காம். வேலைக்காரர்கள் குளிப்பதைப் பார்த்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமாம். "உங்களுக்குத்தான் உங்க ஊர்க் கரை இருக்கே" என்றார்.

அங்கே போனால் கழற்று. இங்கே வந்தால் வராதே.

ஜூலை 12, ஞாயிறு

இன்று ஊராட்சிக் காவலர் எக்கார்ட் அபராதம் போட வந்தார். நான் விருந்தினர்கள் உட்காரக் கரையில் போட்டிருக்கும், கூரை வைத்த பிரம்புக் கூண்டு நாற்காலிகளுக்கு மெத்தை போட்டுக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. வேர்க்க விறுவிறுக்க, தொப்பியும் பூட்ஸுமாக ஒவ்வொரு வரப்பாகப் போய்ப் பெயர் கேட்டார்.

"யாருப்பா இது, எக்கார்ட்டா? உடுப்போட உன்னை அடையாளமே தெரியலையே" என்றது ஒரு குரல். போன வருடம் வரை அவரும் குடும்பத்தோடு அதே மணலில் கிடந்தவர்தான்.

அவர் தலை நிமிராமல், பெயர் சொல்லுங்கள், அடையாள அட்டை காட்டுங்கள் என்றார். ஹோர்ஸ்ட் மாமா எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து, "எந்தப் பையில வெச்சிருக்கேன்னு நீயே தேடிக்கோ" என்றார். பெயர் என்ன என்றதும், "ஆர்னோ க்ரூகர்" என்றார்.

ஆர்னோ க்ரூகர் எங்கள் ஊர்த்தலைவர். அந்தப் பலகைக்குக் கையெழுத்துப் போட்டவர்.

அடுத்த வரப்பிலும் ஆர்னோ க்ரூகர். அதற்கடுத்து டாக்டரின் மனைவி. அவளும் ஆர்னோ க்ரூகர். எக்கார்ட் எல்லாவற்றையும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். கடைசியில் தூண்டில் வளைவுப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவளும் அதே பெயர்தான் சொன்னாள். கரை முழுக்கச் சிரிப்பு.

எனக்கும் சிரிப்பு வந்தது. மெத்தைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு என்று ஞாபகம் வந்தது.

ஜூலை 15

வீட்டில் சண்டை. உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு அம்மா ஆரம்பித்தாள். எங்களை விரட்டுகிறவனுக்கு மெத்தை சுமக்கிறாயாமே என்று. எங்கே வேலை இருக்கிறதோ அங்கேதான் போக முடியும் என்றேன். லூபெக்கில் நின்றிருக்கலாமே என்றாள்.

"துணி போட்டவங்க யாராவது உன்னை மனுஷியா மதிச்சாங்களா, சொல்லு" என்று கேட்டாள்.

"துணி இல்லாதவங்க மதிச்சாங்களா?" என்றேன்.

கிழங்கு தீய்ந்த பிறகுதான் அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். எனக்கு இவ்வளவு பேச வரும் என்பதே இன்றுதான் தெரிந்தது. 

ஜூலை 16

அம்மா இன்று என்னோடு பேசவில்லை. நல்லது.

ஜூலை 24, வெள்ளி

டெட்மர் ஐயா அலுவலறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எக்கார்டோடு அவரும் போகிறாராம். நானும் கூட வர வேண்டுமாம். "நீ இந்த ஊர்ப் பொண்ணு. உனக்கு எல்லாரையும் தெரியும். அவங்களுக்குப் பை இல்ல, அட்டை இல்ல. ஆனா உனக்கு வாய் இருக்கு. யார் யாருன்னு மட்டும் சொல்லு, போதும்."

 வர இஷ்டமில்லை என்றால் திங்கட்கிழமையும் வர வேண்டாம் என்றார். அதையும் தன்மையாகத்தான் சொன்னார்.

இந்த வேலை போனால் இந்த ஊரில் வேறு வேலை இல்லை. வீட்டில் இரண்டு பேரும் வெறுமனே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி லூபெக், அந்தக் கொதிநீர் வாடை.

ஊர்க்காரர்கள் பெயரைச் சொல்ல எனக்கு என்ன தயக்கம்? இவர்கள் எனக்கு என்ன செய்தார்கள்? சொல்லிவிடலாம். ஹோர்ஸ்ட் மாமாவின் பெயரை நன்றாக உரக்கச் சொல்லலாம்.

அம்மா பெயரை?

ஜூலை 25

ஒன்பது நாளுக்குப் பிறகு நான்தான் முதலில் பேசினேன். நாளைக்கு மட்டும் போகாதே என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவள் பிளவுஸுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஞாயித்துக்கிழமை நான் எங்க இருப்பேன்னு ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியட்டும்" என்றாள்.

"உன் பேரை என்கிட்ட கேப்பாங்கம்மா."

"தெரியாதுன்னு சொல்லிட்டுப் போ. அவ்வளவுதானே."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். எழுந்து போகும்போது, "நீ எப்பவும் தரையைத்தானே பார்ப்ப. அதனால பொய்யாக்கூட இருக்காது" என்றாள். அதில் எதற்கு அப்படி ஒரு குத்தல்?

ஜூலை 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணி வெயில். முன்னால் எக்கார்ட், நடுவில் டெட்மர் ஐயா, பின்னால் ஓட்டல் ஏப்ரனோடு நான். கம்பத்தைத் தாண்டியதும் பேச்செல்லாம் நின்றுவிட்டது. அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அத்தனை பேரும் வெற்று உடம்போடு இருக்க, எனக்குத்தான் உடுப்பே இல்லாத மாதிரி இருந்தது.

முதல் வரப்பு ஹோர்ஸ்ட் மாமாவுடையது. யார் இவர் என்று டெட்மர் ஐயா என்னைக் கேட்டார். என் கண்ணுக்கு எதிரே மணலில் இரண்டு பாதம். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. நேற்று வரைக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"தெரியாதுங்க ஐயா. நான் யாரையும் பார்க்கிறதில்ல."

"நிஜந்தாங்க" என்றார் ஹோர்ஸ்ட் மாமா. "இவ ஆளுங்கள செருப்பை வெச்சுத்தான் கண்டுபிடிப்பா. இங்க அதுவும் இல்ல."

யாரோ சிரித்தார்கள். எக்கார்ட் இருமினார். அடுத்த வரப்பிலும் அதையே சொன்னேன், அதற்கடுத்ததிலும். டெட்மர் ஐயாவின் கழுத்து சிவந்துவிட்டது. என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தூண்டில் வளைவு வரைக்கும் கூட்டிப்போனார்.

"இந்தம்மாவைப் பத்தித்தான் எல்லாப் புகாரும். தரையைப் பார்க்காத. நிமிர்ந்து பார்த்துச் சொல்லு."

நிமிர்ந்தேன்.

அம்மா வரப்புக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி உரித்த முட்டை. இடது பக்கம் மார்பு இல்லை. அங்கே தட்டையாக, கக்கத்திலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் ஒரு கோடு, இன்னும் சிவப்பு ஆறாமல். தோலை இழுத்து இழுத்துத் தைத்த மாதிரி.

பித்தப்பை அங்கேயா இருக்கிறது?

அவள் மறைக்கவில்லை. முட்டையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சுற்றிலும் பார்த்தேன். ஹோர்ஸ்ட் மாமா, டாக்டர், டாக்டரின் மனைவி, ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எக்கார்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும். பால்கனிக் கண்ணாடிக்காரனுக்குத் தெரியும். ஓட்டலில் காபி குடித்த அத்தனை பேருக்கும் தெரியும். காபி ஊற்றினவளுக்குத் தெரியாது.

யார் இது என்று டெட்மர் ஐயா மறுபடியும் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அம்மாவே அப்படித்தான் சொல்லச் சொன்னாள். ஊரே அதற்குத்தான் காத்திருந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். அதனாலேயே என்னால் சொல்ல முடியவில்லை.

"எங்கம்மா" என்றேன். "ரோஸ்வீத்தா பாகெல்."

என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. ஓட்டல் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூண்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

எக்கார்ட் எழுதவில்லை. பேனாவில் மை வரவில்லை என்றார். டெட்மர் ஐயா தன் பேனாவை நீட்டினார். "எழுதிக்கோ எக்கார்ட், அவ சரியாத்தான் சொல்றா" என்று அம்மா முட்டையைக் கடித்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது டெட்மர் ஐயா என் தோளைத் தட்டினார். "முடியுது பார்த்தியா? அடுத்த வாரம் மத்தவங்களையும் சொல்லிடலாம்."

ஜூலை 27

ஓட்டலுக்குப் போகவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை.

ஜூலை 28

ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்ற டாக்டரின் மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு, கடைக்காரியிடம், "பார்த்துப் பேசு, பேரைச் சொல்லிடப் போகுது" என்றாள். ஹோர்ஸ்ட் மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பெற்றவளைத் தவிர மற்ற எல்லோரையும் காப்பாற்றிய புண்ணியவதி என்று நாய்க்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

சொல்லிக்கொள்ளட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறச் செருப்பு, இடது வார் அறுந்தது. உன்னை எனக்குத் தெரியாதா?

ஜூலை 30

அம்மா இன்று பேசினாள். மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் மேசையருகே நின்றுகொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எதை?"

"எதையாம். பித்தப்பைன்னு சொன்னியே."

"போன்ல வேற என்ன சொல்றது? நீ அங்க தனியா கிடந்த. சொன்னா பயந்துக்குவ."

"வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாம். வீட்ல பஞ்சு வெச்சு மறைச்சுக்கிட்டு—"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "வீட்ல மறைச்சேன். சரி. கடற்கரையில மறைச்சேனா? மே மாசத்துலேருந்து ஊர் பூரா பார்க்கிற மாதிரிதான்டி படுத்திருக்கேன். நீ வந்தா பார்த்துக்கட்டும்னு படுத்திருக்கேன். தினம் என் காலைத் தாண்டித்தான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த. ஒரு நாள் நிமிர்ந்தியா?"

 ஐந்து வருடத்துக்கு முன்னால் நீ சிரித்தாயே என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

அவளுக்கு ஞாபகமே இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "நீச்சலுடைக்கா?" என்றாள். "அதுக்கா அஞ்சு வருஷம்?"

ஆமாம், அதற்குத்தான்.

மீனைத் தட்டில் போட்டுக்கொண்டே, "பேரைச் சொன்னதுக்கு எனக்குக் கோபமில்ல" என்றாள். "நீ பார்த்த பாரு ஒரு பார்வை, செத்த மீனைப் பார்க்கிற மாதிரி. அதை மட்டும் மறுபடி என்கிட்ட கொண்டு வராத."

மீன் ஆறிப்போய்விட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 1

அபராதச் சீட்டு வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, வாணலியில் எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டாள். எண்ணெய்க்கறை படாமல் கிடந்த பாதியில், விருந்தினர் மனம் புண்படுவது பற்றி ஒரு வரி இருந்தது.

கோபமாக வருகிறது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லோர் மேலும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அம்மா போய் ஒரு மணி நேரம் கழித்து நானும் போனேன். நீலக் கவுன், சாக்ஸ், ஷூ எல்லாவற்றோடும் போனேன். கம்பத்தைத் தாண்டும்போது தலையைக் குனியவில்லை. பார்க்கப் பழகாத கண்ணுக்கு ஒரேயடியாக அத்தனை முகம்.

ஹோர்ஸ்ட் மாமா முழங்கையை ஊன்றி எழுந்து, "என்ன பொண்ணே, குளிர்காலம் வந்திடுச்சா" என்று ஆரம்பித்தார். "ஹோர்ஸ்ட், உன் வேலையைப் பாரு" என்றாள் அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

என்னைக் கழற்று என்றும் யாரும் சொல்லவில்லை, உட்கார் என்றும் யாரும் சொல்லவில்லை. ஓட்டல் பால்கனியில் ஏதோ கண்ணாடி வெயில் பட்டு மின்னியது. நான் வரப்பைத் தாண்டி உள்ளே போய், ஓட்டலுக்கு முதுகைக் காட்டி, அம்மாவுக்கு இடது பக்கம் நின்றேன். அங்கிருந்து பார்க்கிறவன் என் கவுனை மட்டும் பார்க்கட்டும் என்று அகலமாக நின்றேன்.

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தள்ளு. வெயிலை மறைக்கிற."

தள்ளி உட்கார்ந்தேன்.